கனகாம்பாள் போட்ட தகடு

“ஒரு டம்ளர் சர்க்கரை கிடைக்குமா?” என்று கேட்டுவிட்டு ஆதிநாராயணன் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவன் கேட்க வந்தது சர்க்கரை அல்ல. ‘என்னைக் கட்டிக்கிறாயா?’ என்று கேட்க வந்தான்.

கனகாம்பாள் உள்ளே போய்ச் சர்க்கரை கொண்டுவந்தாள். “டம்ளரை மெதுவா குடுங்க, அவசரமில்ல.”

அந்த ‘குடுங்க’ அவனுக்குச் சுருக்கென்றது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், இரண்டு பேரும் ஒரே ரயிலில் டைப் கிளாசுக்குப் போய்வந்த காலத்தில், ‘நீ’ என்று கூப்பிட்டவள். அப்போது அவளுடைய அப்பாவிடம் பெண் கேட்கப் போன ஆதிநாராயணன், “மணி என்னங்க ஆச்சு?” என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தான். அடுத்த மாதமே பம்பாய் மில்லில் கிளார்க் வேலை. போனவன் போனவன்தான்.

கனகாம்பாள் வந்த வரனையெல்லாம் தட்டிக் கழித்துவிட்டுப் பள்ளிக்கூட டீச்சரானாள். அப்பாவும் போய்ச் சேர்ந்தார். ஆதிநாராயணன் பொங்கல் லீவுக்கெல்லாம் திருவள்ளூரை ஒட்டிய மணவாள நகரில் அக்கா வீட்டுக்கு வருவான். அடுத்த வீடுதான் கனகாம்பாள் வீடு. வருவான், எதையாவது கடன் வாங்குவான், போய்விடுவான். எழுபத்திரண்டாம் வருஷப் பொங்கலுக்கு மட்டும், கேட்காமல் ரயிலேறுவதில்லை என்று கற்பூரம் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்துகொண்டு வந்திருந்தான்.

வந்த இடத்தில்தான் சேகர்.

சேகர், கனகாம்பாள் வீட்டு முன் ரூமில் புதிதாகக் குடிவந்தவன். ஆவடியில் வேலை. செவ்வாப்பேட்டையில் ஓடுகிற ரயிலிலிருந்து குதித்துக் கணுக்காலை ஒடித்துக்கொண்டு, ஸ்டூலில் காலும் மடியில் டிரான்சிஸ்டருமாக ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான்.

“பம்பாய் சாரா? டீச்சரு உங்கள பத்தி சொல்லிக்கினே இருப்பாங்க!”

இவனிடம் எதையெல்லாம் சொல்கிறாள் இவள்! ஆதிநாராயணனுக்கு வயிறு எரிந்தது.

“சேகரு, காலை ஆட்டாத,” என்று கனகாம்பாள் காப்பி கொண்டுவந்தாள். சேகருக்கு டம்ளர் நிறைய. இவனுக்கு முக்கால்தான். ஆதிநாராயணன் அளந்து பார்க்காத குறை.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கெங்கம்மாள் பிடித்துக்கொண்டாள். “இன்னாடா இது? நம்ம ஊட்ல சர்க்கரை மூட்டையோட கெடக்குது. எதுனா கேக்கப் போனா, அத்தக் கேட்டுட்டு வாடா!”

“அந்த நொண்டிப் பய குந்திக்கினு இருக்கானே, எப்படிக்கா கேக்கறது?”

அவனைக் கிளப்பினால்தான் வழி பிறக்கும் என்று பட்டது. புத்தூருக்கு அனுப்பிவிட்டால்? எலும்புக் கட்டுப் போடுகிற ஊர். ஒரு வாரமாவது அங்கேயே படுக்கப் போட்டுவிடுவார்கள். மறுநாள் போய்ப் புத்தூர்க் கட்டின் மகிமையை அருவி மாதிரி கொட்டினான். கனகாம்பாள் எதிரில் பேச வராத வாய், அவனைக் கிளப்புவதென்றதும் எப்படித்தான் பேசியதோ!

“அடேங்கப்பா, இன்னா நல்ல மனசு!” என்றாள் கனகாம்பாள். “அப்ப நீங்களே சேகரக் கூட்டிக்கினு போய்ட்டு வந்துடுங்களேன்.”

ஆக, போகி அன்றைக்கு ஆதிநாராயணன் தன் எதிரியைத் தோளில் சாய்த்துக்கொண்டு ரயிலேறினான். கண்ணில் கரித்தூள். அரக்கோணத்தில் வண்டி மாறும்போது பாலத்தின் மேல் உப்புமூட்டை. வழியெல்லாம் சேகர் வாய் ஓயவில்லை. “டீச்சரு கொழம்பு வெச்சா தெருவே மணக்கும் சார். நீங்க சாப்ட்டுக்கீறீங்களா?”

“இல்ல,” என்று பல்லைக் கடித்தான் ஆதிநாராயணன்.

வைத்தியர் முட்டை வெள்ளை தடவி, துணி சுற்றி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். “ஊட்டுக்கு இட்டுக்கினு போ நைனா. பத்து நாளு காலைத் தரையில ஊனக் கூடாது. பக்கத்துல ஒருத்தரு இருந்து கவனிக்கணும்.”

பக்கத்தில் ஒருத்தர்! அது யார் என்பது ஆதிநாராயணனுக்குத் தெரியாதா? இதுவரைக்கும் நொண்டியாவது நடந்தவனை, இப்போது கனகாம்பாள் தட்டோடு வந்து உபசரிக்கும்படி அவனே செய்துவைத்தாயிற்று. பேஜாரு!

அதற்கும் ஒரு யோசனை பண்ணினான். “எங்க ஊட்லயே வந்து இருக்கட்டும். நீங்க ஏன் சிரமப்படணும்?” என்று பெருந்தன்மையாகச் சொல்லிச் சேகரை அக்கா வீட்டுக்கே தூக்கிவந்தான். பலன், ஆதிநாராயணனின் கட்டில் சேகருக்குப் போனது. ஆதிநாராயணன் பாய்க்குப் போனான். பொங்கலன்று கனகாம்பாள் அடுக்கோடு வந்து, அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சேகருக்கு நெய் ஊற்றினாள். பாயில் இருந்தவனுக்கும் ஊற்றினாள்தான். ஆனால் அவனுக்குத்தான் இரண்டாவதாக!

அந்த வருஷம் பொங்கலுக்கு மறுநாளே தை அமாவாசை. அதற்கு அடுத்த நாள் ஆதிநாராயணனுக்குப் பம்பாய் ரயில். பொங்கலன்று சாயங்காலம் வாசலில் கனகாம்பாள் தனியாக நின்றாள். ஆண்டவனே கொடுத்த சந்தர்ப்பம். கிட்டே போனான்.

“நாளைக்குக் குளத்துக்குப் போறேன்,” என்றாள் அவள். “ஒருத்தருக்கோசரம் நேர்ந்துகினு இருக்கேன்.”

யாருக்காக என்று கேட்கத் தொண்டை வரைக்கும் வந்தது. “குடை கிடைக்குமா?” என்று கேட்டான்.

அவள் வானத்தைப் பார்த்தாள். ஒரு பொட்டு மேகம் இல்லை. உள்ளே போய்க் குடையைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

தை அமாவாசையன்று திருவள்ளூர்க் கோயில் குளத்தில் வெல்லம் கரைப்பார்கள். வெல்லம் கரைகிற மாதிரி நோய் கரையும் என்று நம்பிக்கை. கூடவே, உடம்பில் எந்த உறுப்புக்கு நோயோ அந்த உறுப்பு அச்சடித்த வெள்ளைத் தகட்டை வாங்கி உண்டியலில் போடுவார்கள். தகடு விற்கிற குப்பாயி குளக்கரையில் முறத்தைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கனகாம்பாள் ஒரு தகடு வாங்கி, கண்ணில் ஒற்றி, முந்தானையில் முடிந்துகொண்டு படியிறங்கினாள். கூட்டத்தில் குடையோடு பின்னாலேயே வந்த ஆதிநாராயணன் குப்பாயியிடம் பாய்ந்தான்.

“அந்தம்மா இன்னா தகடு வாங்குச்சு? கால்தானே?”

“வேண்டுதலை வெளிய சொல்லக் கூடாது நைனா. உனக்கு இன்னா வேணும்?”

கால்தான்! சந்தேகமே இல்லை. அந்தக் காலைத் தோளில் சுமந்தவன் இவன், அதற்கு வேண்டுதல் அவள். பன்னிரண்டு வருஷத்து ஏக்கமும் பொறாமையும் சேர்ந்து மண்டைக்கு ஏறியது. படியில் நின்று கத்தினான்.

“கனகா! அவன் காலு தானா சரியாப் பூடும்! அதுக்கு நீ தகடு போடணுமா? பன்னெண்டு வருஷமா உன்னையே நெனச்சுக்கினு ஒருத்தன் பம்பாய்ல வெந்து சாவுறானே, அவனுக்கு ஒரு தகடு போட்டியா? எனக்கு உன்னத்தான் கட்டிக்கணும்! சர்க்கரையும் வாணாம், குடையும் வாணாம், நீதான் வேணும்!”

குளமே திரும்பிப் பார்த்தது. வெல்லத்தைக் கையில் வைத்திருந்தவர்கள் கரைக்க மறந்து நின்றார்கள். கனகாம்பாள் கையிலிருந்த வெல்லக் கட்டி தொப்பென்று தண்ணீரில் விழுந்தது. அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

“இத்தச் சொல்ல உனக்கு இவ்ளோ நாளா ஆதி?” என்றாள்.

குப்பாயி முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தே விட்டாள்.

“ஏம்மா, இவருதானா அந்த ஆதிநாராயணன்? வருஷா வருஷம் இவரு பேரச் சொல்லி நீ வாய்த் தகடு வாங்கிப் போடறப்ப, நான் பாவம், பொறவி ஊமைன்னு இல்ல நெனச்சுக்கினு இருந்தேன்!”