படிக்காமலே பாராட்டிய கதை

என் மனைவி எழுதிய நாவலை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தே தீருவது என்று சபதம் எடுத்தேன். சபதத்தில் ஒரு குறையும் இல்லை. இரண்டாம் பக்கத்தில் தூங்கிவிட்டேன்.

ஊருக்கெல்லாம் படிக்கிற கண்ணாடி விற்பவன் நான். எனக்கோ புத்தகத்தைத் திறந்தால் கண் மூடிக்கொள்ளும். இந்த வியாதிக்கு என் கடையிலேயே கண்ணாடி கிடையாது.

தூங்கியதோடு விட்டிருக்கலாம். காலையில் காபியோடு வந்து, "படிச்சாச்சா?" என்று அவள் கேட்டபோது, "பிரமாதம்" என்று சொல்லித் தொலைத்தேன்.

"அப்ப ஞாயித்துக்கிழமை வாசகர் கூட்டத்துல நீங்களே பேசிடுங்க."

"நானா? எனக்கு மேடைன்னாலே கால் உதறும்மா."

"படிச்சதைத்தானே சொல்லப் போறீங்க. இதுல உதற என்ன இருக்கு?"

படித்திருந்தால் உதறாதுதான். அவளே புத்தகத்தை என் பையில் வைத்தாள். "கடையில சும்மா இருக்கும்போது இன்னொரு தடவை புரட்டுங்க."

கடைக்குப் போனதும் என் மூளை விழித்துக்கொண்டது. கண்ணாடி மாட்டிப் பார்க்கிறவர்களிடம் வழக்கமாகப் பழைய நாளிதழைக் கொடுத்துப் படிக்கச் சொல்வேன். அன்றுமுதல் நாவலைக் கொடுத்தேன். ஊர் படிக்கட்டும், கருத்துச் சொல்லட்டும். அதை ராத்திரிச் சாப்பாட்டில் என் கருத்தாக இறக்கிவிடலாம்.

முதலில் தையல்கார அம்மா வந்தார். கண்ணாடி தயாராகும்வரை படித்தவர், தயாரான பிறகும் எழுந்திருக்கவில்லை.

"கதையில வர்ற அந்தக் குடை ரிப்பேர்காரப் பையன் கெட்டிக்காரன்ங்க. அவ மறுபடி வரணும்னே கம்பியைச் சரியா மாட்டாம அனுப்புறான்."

அன்று ராத்திரி மனைவியிடம் சொன்னேன். "கம்பியைச் சரியா மாட்டாம அனுப்புறான் பாரு, அங்கதான் காதலே நிக்குது." அவள் என் தட்டில் இன்னொரு கரண்டி சாதம் வைத்தாள்.

அடுத்து ஒரு வங்கிக் காசாளர். "பொய் சொன்னா தானா விரியுற குடையா? சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணாடி மூக்குல நிக்க மாட்டேங்குது சார்." குடையைப் பற்றிய கருத்தை வீட்டுக்கு எடுத்துக்கொண்டேன். அவருக்குக் கண்ணாடியின் காதை மட்டும் இறுக்கிக் கொடுத்தேன்.

பஸ் டிரைவர் ஒருவர், "தலை சுத்துது" என்றார். அது கண்ணாடியின் கோளாறு. அவசரத்தில் அதையும் வீட்டில் ஒப்பித்துவிட்டேன்.

"படிக்கப் படிக்கத் தலையே சுத்துது."

"எந்த இடத்துல?"

"எல்லா இடத்துலயும்."

"அப்படியா" என்றாள். அவ்வளவுதான்.

ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர்தான் பெரிய தொல்லை. கண்ணாடியின் திருகு லூசாகிவிட்டது என்று தினமும் வந்து உட்கார்ந்து படித்தார். ஒருநாள் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறினார்.

"முடிவு எங்கய்யா?"

"முடிவா?"

"அவ கையைப் புடிச்சு, 'நான் ஒண்ணு சொல்லணும்'ங்கிறான். அதோட நின்னு போச்சே."

"அதை வாசகர்தான் யோசிச்சுக்கணும் சார். இப்பல்லாம் அப்படித்தான் எழுதுறாங்க."

என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எழுந்து போனார். அன்று திருகைப் பற்றிப் பேச்சே இல்லை.

கூட்டத்துக்கு முந்தின நாள். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் எதிரே நின்று ஒத்திகை பார்த்தேன்.

"எனக்குப் பிடிச்சதே முடிவுதான். 'நான் ஒண்ணு சொல்லணும்'னு அவன் சொன்னதோட நிறுத்திட்ட பாரு. என்ன துணிச்சல்!"

"அதுக்கப்புறம் ஒரு அத்தியாயம் இருக்கு. கல்யாணமே நடக்குது."

"எந்தப் புத்தகத்துல?"

"எல்லாப் புத்தகத்துலயும். உங்களுக்குக் கொடுத்ததுல மட்டும் நான் கிழிச்சு எடுத்துட்டேன்."

பையிலிருந்து புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன்; கிழித்த ஓரம் விரலில் தட்டியது.

"நீங்க படிக்க மாட்டீங்கன்னு தெரியும். கடையில கிடந்தா நாலு பேர் படிப்பாங்கன்னும் தெரியும். படிச்சவங்க முடிவைத் தேடி வருவாங்க இல்ல? போஸ்ட்மாஸ்டர் கடையிலேருந்து நேரா இங்கதான் வந்தார். தையல்கார அம்மா, காசாளர் எல்லாரும் ஆளுக்கொரு புத்தகம் வாங்கிட்டாங்க. டிரைவர் மட்டும் கண்ணாடியை மாத்திட்டு வரேன்னார்."

"கோபமா?"

"முதல் நாள் வருத்தமா இருந்துச்சு. அப்புறம் ஊர்ல என்ன பேசுறாங்கன்னு தினம் கொண்டு வந்து கொட்டினீங்களா, போயிடுச்சு. ஆனா அந்தக் குடை மட்டும் நம்ம வீட்டுல இருந்திருந்தா, இந்த வாரம் பூரா மடக்கவே முடிஞ்சிருக்காது."

"நாளைக்குப் பேச்சு?"

"நீங்க பேச வேணாம். போஸ்ட்மாஸ்டர் பேசுறார்."

போன உயிர் திரும்பி வந்தது. மேடை இல்லை, பொய் இல்லை, இனி ராத்திரிச் சாப்பாட்டை நிம்மதியாக மெல்லலாம். இவ்வளவு சந்தோஷமாக நான் இதுவரை மாட்டிக்கொண்டதே இல்லை. அந்தச் சந்தோஷத்தில், வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு கதையின் முடிவு எனக்குத் தெரிந்தாக வேண்டும் போலிருந்தது.

"அவ கையைப் புடிச்சு என்னதான் சொன்னான்? அந்தக் கிழிச்ச பக்கங்களைக் கொடேன்."

கடைசிச் சட்டையை மடித்து என் கையில் வைத்தாள்.

"நாளைக்குக் கூட்டத்துல விக்கிறாங்க. எல்லாரையும் போல வரிசையில நின்னு வாங்கிக்குங்க."