மானுவேலின் மதகைத் திறந்தது யார்

லிவர்மோர், கலிபோர்னியா
5.3.1999, வெள்ளி

மரியாதைக்குரிய மச்சான் மாரிசாமிக்கு, உன் அக்காள் வீட்டுக்காரன் வெள்ளியங்கிரி சொல்லச் சொல்ல மருமகள் வான்மதி எழுதுவது. இங்கே நானும் மகன் கதிரும் வான்மதியும் சௌக்கியம். அங்கே உன் முழங்காலும் செவலை மாடும் எழுந்து நடமாடுகின்றனவா? நிற்க.

உன்னிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும். திறக்கக் கூடாத மதகைத் திறந்துவிட்டு முப்பத்திரண்டு வருஷம் முகம் வாடாமல் இருப்பவன் எனக்குத் தெரிந்து நீ ஒருத்தன்தான். அறுபத்தேழில், தை பதினொன்று, விடியற்காலை, என் முறைத் தண்ணீரில் ஒரு மணி நேரத்தை உன் மஞ்சள் காட்டுக்குத் திருப்பிவிட்டு, நண்டு வளை வழியாகப் போயிற்று என்று கோயில் வாசலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தாய். அந்த நண்டை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். அது இருக்கட்டும்.

கதிருக்குத் தண்ணீர் அளக்கிற கம்பெனியில் வேலை. மலையைத் தாண்டிக் காரில் ஒரு மணி நேரம் போனால், ஆற்றுக்குள் கடல் ஏறி இறங்குகிற இடம். அங்கே கரை கட்டி நூறு வருஷமாகச் சோளம் போடுகிறார்கள். சால்மன் என்று ஒரு மீன், ஆற்றில் பிறந்து கடலுக்குப் போவது, குஞ்சாக இருக்கையில் தங்கித் தின்ன இடமில்லாமல் அற்றுப்போகிறதாம். கரையை உடைத்துச் சோளக் காட்டைச் சதுப்பாக்கினால் மீன் பிழைக்கும் என்கிறாள் மீன் ஆபீசர் அம்மாள். உடைத்தால் நான் எங்கே போவேன் என்கிறார் காட்டுக்காரர் மானுவேல், என் வயது. நடுவில் அளவு நாடாவோடு நிற்பவன் நம் கதிர். வீட்டில் தனியாக இருந்து நான் அடுப்பைப் பற்றவைத்தால் கூரையில் ஏதோ ஒன்று கத்துகிறது என்பதால் என்னையும் கூட்டிப் போவான். மானுவேல் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவருக்குத் தெரியாது. அவர் மண்ணை அள்ளி முகர்வார், நான் முகர்வேன், தலையாட்டிக்கொள்வோம். உன்னோடு இத்தனை வருஷம் பேசியதைவிட அதிகம் பேசியாயிற்று.

போன மாதம் பன்னிரண்டாம் தேதி, அடை மழை விட்டு, காடு முழுக்க முழங்கால் தண்ணீர். மானுவேல் டவுனுக்குப் போயிருந்தார். கதிர் அந்தக் கோடியில் அளந்துகொண்டிருந்தான். வெளி வாய்க்காலில் பார்த்தால் தண்ணீர் ஒரு கை ஆழம் கீழே கிடக்கிறது. எந்தக் குடியானவன் சும்மா நிற்பான்? பூட்ஸைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கி, சக்கரத்தைச் சுற்றி மதகைத் தூக்கிவிட்டேன். தண்ணீர் சலசலவென்று வடிந்தது. கூட்டாளிக்கு உபகாரம் செய்த திருப்தியில் காரில் ஏறித் தூங்கியும்விட்டேன். மச்சான், நம் வாய்க்காலில் போன தண்ணீர் போனதுதான். இங்கே போன தண்ணீர் திரும்பி வருகிறது. ஒரு நாளைக்கு இரண்டு தரம். இதை என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை.

இந்த இடத்தில் வான்மதி பேனாவை வைத்துவிட்டாள்.

"மாமா, அது நீங்களா?"

"எழுது கண்ணு."

"அவரு வேலை போயிருமுங்க மாமா. கிரீன் கார்டு அப்படியே நிக்குது."

"அதுக்குத்தான் எழுதச் சொல்றேன்."

எழுதுகிறாள். எழுத்து கோணலாக இருந்தால் காரணம் அதுதான்.

திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் காடு ஏரியாகிவிட்டது. சோளத் தட்டைக்கு நடுவே விரல் நீளக் குஞ்சுகள் நூறு நூறாக. மீன் அம்மாள் அளந்துவிட்டு, ஆற்றுக் குஞ்சைவிட இது கொழுக்கிறது, தண்ணீரை வடிக்காதே என்று மூன்று வாரமாக மதகடியில் நிற்கிறாள். திறந்தது யார் என்று விசாரணை. நஷ்டஈட்டுக்காக மானுவேலே திறந்தார் என்று அவள் ஆபீசில் சந்தேகம். அன்றைக்கு அங்கே இருந்தவன் கதிர் என்று கம்பெனிக்குச் சந்தேகம். மானுவேல் வாயே திறப்பதில்லை. என்னைக் கண்டால் மண்ணையும் முகர்வதில்லை. அது எனக்குச் சோறு இறங்காமல் செய்கிறது.

குஞ்சுக்குத் தண்ணீர் வேண்டியது பங்குனி வரைக்கும். சோளம் விதைப்பது சித்திரையில். ஒன்றின் முறையில் மற்றொன்று வருவதேயில்லை. மதகைத் திறந்து மூட ஓர் ஆள் போதும், கரையை ஏன் உடைக்க வேண்டும் என்று கதிரிடம் கேட்டேன். "அப்பா, இட்ஸ் நாட் தட் சிம்பிள்" என்றான். வான்மதி அர்த்தம் சொன்னாள்.

வரும் திங்கட்கிழமை கூட்டம். எழுந்து உண்மையைச் சொல்வதா, நானும் ஒரு நண்டைப் பிடிப்பதா? உன் பதில் வந்து சேர மூன்று வாரம் ஆகும். இருந்தாலும் கேட்டு வைத்தேன்.

தங்கச்சியை விசாரித்ததாகச் சொல். குழந்தைகள் நோய் நொடியில்லாமல் நூறு வருஷம் இருக்கட்டும். படிக்கக் கேட்டதும் இதை அடுப்பில் போட்டுவிடு. யாரிடமும் மூச்சு விடாதே.

இப்படிக்கு,
வெள்ளியங்கிரி (கைநாட்டு)

பி.கு.: திங்கள் சாயங்காலம். கடிதத்தைத் தபாலில் போட வான்மதி மறந்துவிட்டாள், நல்லதாயிற்று. கூட்டத்தில் நான் வேட்டியைச் சரிசெய்து எழுவதற்குள் மானுவேல் எழுந்து, என் மதகு, மீன் வருகிறதா என்று பார்க்க நானே திறந்தேன் என்று சொல்லிவிட்டார். அறுப்பு முடிந்ததிலிருந்து பங்குனி வரை மீனுக்கு, பிறகு சோளத்துக்கு என்று முறை வைப்போம், கரையைத் தொட வேண்டாம் என்றும் அவரே சொன்னார். என் பேச்சைக் கதிர் அவர் காதில் போட்டிருக்கிறான். மீன் அம்மாள் சரி என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். வெளியே வந்ததும் கதிரை மொழிபெயர்க்க வைத்து என்னிடம் சொன்னார்: கரைச் சேற்றில் வெறுங்கால் தடம் கிடந்ததாம், இந்தப் பக்கத்தில் வெறுங்காலோடு இறங்குகிறவர் நீங்கள் ஒருவர்தான், என் பூட்ஸால் மிதித்து அழித்துவிட்டேன் என்று. கதிர் வேலை தப்பியது. மண்ணும் முகர்ந்தோம். எல்லாம் சரி. ஆனால் புது யோசனை கண்டுபிடித்தவர் என்று பேப்பரில் அவர் படம் வரப்போகிறதாம். ஆகையால் கடிதத்தை அடுப்பில் போட வேண்டாம். சந்தை நாளில் டீக்கடையில் நாலு பேர் கேட்கச் சத்தமாகப் படிக்கச் சொல். திறந்தது நான்.