தோளுக்கினியான் சார் இளைத்த கதை

அலைகடல் துயின்ற அண்ணலின் அடியிணை இச்சொற்களுக்குக் காப்பாகுக. இன்று வைகாசி விசாகம். அடியார்களை நினைக்க உகந்த நாள்.

தாம்பரம் முதல் வேளச்சேரி வரை சலித்தெடுத்தாலும், உயிருக்கு அஞ்சாமல், பெருமாளின் பல்லக்குக்காகவே சர்க்கரை நோயோடு போர் தொடுத்த மனிதர் இன்னொருவர் அகப்பட மாட்டார். ராஜகீழ்ப்பாக்கத்தில் அவரைத் ‘தோளுக்கினியான் சார்’ என்போம். தோளுக்கினியான் என்பது பெருமாளைத் தோளில் சுமந்து செல்லும் சிறு வாகனம். எங்கள் காலனிக் கோயிலில் அதன் முன்தண்டு அவருடையது. பங்குனிப் புறப்பாட்டுக்கு விடுப்புக் கிடைக்காது என்பதற்காகப் பதவி உயர்வையே மறுத்தவர்.

பிரசாதத்தை மறுப்பது அபசாரம் என்பது அவர் கொள்கை. அக்கொள்கை வயிறாகத் திரண்டு அவருக்கு முன்னே நடந்தது. எழுபதை நெருங்கும்போது சர்க்கரை எகிறியது. குரோம்பேட்டை டாக்டரம்மா தீர்ப்புச் சொன்னார்: இப்படியே போனால் இன்சுலின் ஊசி, வெறுங்காலில் அடிபட்டால் உணராது, புண் வந்தால் ஆறாது, ஆகவே பல்லக்கு கூடாது. அவர் முகம் இருண்டதாம். ஊசிக்காக அல்ல.

“பங்குனிக்குள்ள குறைச்சுட்டா?”

“எடை குறையணும் சார். நடக்கணும். நடை மட்டும் போதாது, இந்த வயசுல தசை கரையும்; அதுக்கும் வேலை குடுக்கணும். தசைதான் சர்க்கரையைச் செலவழிக்கும்.”

மறுநாள் காலை கான்வாஸ் காலணி அணிந்து, தோளில் மூங்கில் தண்டும் அதன் இருமுனையிலும் மணற்பையுமாக அவர் வேளச்சேரி சாலையில் இறங்கினார். நாய்கள் வழிவிட்டன, மாநகரப் பேருந்துகளும் வழிவிட்டன. ஸ்டாண்டு ஆட்டோக்காரர் ஒருவர் மட்டும் விடவில்லை.

“இன்னா சாரே, சாமிய எங்க வுட்டுட்டு வந்துகினு கீற?”

“கோயில்லதான் இருக்கார். நான் ஒத்திகை பாக்கறேன்.”

பிரசாதச் சிக்கலையும் தீர்த்துக்கொண்டார். ஒரு பருக்கையைக் கண்ணில் ஒற்றி உண்பார். எஞ்சிய தொன்னை அந்த ஆட்டோக்காரருக்கு. சார் இளைக்க இளைக்க ஆட்டோக்காரர் பருத்தார்.

தை ஏகாதசியன்று பிழை நேர்ந்தது. அன்னம் தொடாத விரதம். மாத்திரையை மட்டும் கடமை தவறாமல் விழுங்கித் தண்டைத் தூக்கினார். ஆட்டோ ஸ்டாண்டு இருக்கும் சந்திப்பை எட்டியதும் வியர்த்து, கை நடுங்கிச் சரிந்தார். ஆட்டோக்காரர் ஓடிவந்து சர்க்கரை கரைத்த நீரை வாயருகே கொண்டுபோக, அரைமயக்கத்திலும் சார் கேட்டார்: “இதுல அரிசி இல்லையே?”

“கேள்வி அப்பால கேளு சாரே. முதல்ல முழுங்கு.”

டாக்டரம்மா கடிந்துகொண்டார். உடல் இளைத்துத் தசை தேறியபின் பழைய அளவு மாத்திரையே அதிகம். அதன்மேல் பட்டினி வேறு. மாத்திரையைக் குறைத்தார், முழு விரதம் இனி ஆகாதென்றார். வாலிபம் முதல் காத்துவந்த விரதத்தைச் சார் அங்கேயே கைவிட்டார்.

“பெருமாள் என் வயித்தையா கேட்டார்? தோளைத்தானே கேட்டார்.”

பங்குனிக்கு முன் எடுத்த பரிசோதனையில் சர்க்கரை அடங்கியிருந்தது. ஊசி தேவைப்படவில்லை. தார்ச்சாலை சூடு தணிந்த மாலைப் புறப்பாட்டுக்கு மட்டும், திரும்பியதும் பாதங்களைச் சோதிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது.

அன்று மாலை முன்தண்டு அவர் தோளில் ஏறியது. வீதி முழுதும் வாகனம் ஒரு நூலளவும் சாயவில்லை. பெருமாள் உள்ளே எழுந்தருளியதும், அவர் மனைவி அவரைக் கோயில் படியில் அமர்த்தி, செல்போன் வெளிச்சத்தில் உள்ளங்கால்களை விரல் விரலாகப் பார்த்தார். சார் நெளிந்தார்.

“எல்லாரும் பாக்கறா, விடு.”

“பாக்கட்டுமே. ஒரு கீறல் இல்லை.”

பெருமாளைச் சேவித்து வெளியே வந்த நாங்கள் அந்தக் கால்களின் முன்னும் ஒரு கணம் நின்றோம். கைகள் தாமே குவிந்தன.

இதைப் படிக்கும் அனைவருக்கும் ஊறுபடாத பாதங்களையும், அவற்றை விளக்கேந்திப் பார்க்க ஒருவரையும் எம்பெருமான் அருள்வானாக.