டேக்காஃப் வாத்தியார்

மகாராணியார் காலத்து ஆரணியில், கை கால் தலைப்பாகை சகிதம் இங்கிலீஷ் கற்றுக்கொடுத்த ஒரே மனுஷன் டேக்காஃப் வாத்தியார்தான். நிஜப் பெயர் ஒருத்தருக்கும் தெரியாது. அவர்மேல் எனக்கிருந்த வயிற்றெரிச்சலை அடுப்பில் வைத்திருந்தால் ஊர்ப் பட்டுக்கெல்லாம் சாயம் காய்ச்சியிருக்கலாம்.

எரியாதா பின்னே? நான் முறையாகப் படித்துப் பாஸ் செய்தவன். பட்டணத்துத் துரைமாரோடு பேச ஆசைப்பட்ட பட்டு வியாபாரிகளுக்கு, கடை திறக்குமுன் பாடம் சொல்லிப் பிழைத்துக்கொண்டிருந்தேன். இந்த மனுஷன் எங்கிருந்தோ வந்து எதிர்வீட்டில் வகுப்பு வைத்தார். என் மாணவர்கள் ஒவ்வொருவராகத் தெருவைத் தாண்டினார்கள். கடைசியாகத் தாண்டியவர் என் மாமனார்.

"அங்க அப்படி இன்னா மாமா இருக்குது?"

"நீங்க அர்த்தம் சொல்றீங்க மாப்ளே. அவரு செஞ்சே காட்றாரு!"

அன்றிலிருந்து விடியுமுன்பே எழுந்து, எதிர்வீட்டு வகுப்பைப் பார்க்க என் ஜன்னலில் நின்றுவிடுவேன். ஒருநாள் வாத்தியார், "டேக் ஆஃப்!" என்று கர்ஜித்துத் தலைப்பாகையைக் கழற்றினார். "ஒருத்தர மாதிரி நடிச்சிக் காட்டினாலும் அதேதான்!" என்று கழுத்தை நீட்டி, மூக்குப்பொடி போட்டு, தும்மிக்கொண்டே இலக்கணம் சொன்னார். அச்சு அசல் நான்! என் மாமனார் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, என் கல்யாணத்தில்கூட மனுஷன் அப்படிச் சிரிக்கவில்லை.

"எடத்தப் பாத்துதான் அர்த்தம். ஓட்டம் புடிச்சாலும் டேக் ஆஃப்!" என்று வாத்தியார் தெருவில் பாய்ந்தார். வகுப்பே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் பாய்ந்தது. தெரு நெடுக நெசவாளிகள் தறிக்கான பட்டு நூலைப் பாவாக நீட்டி விரித்திருந்தார்கள். வாத்தியார் தாண்டிவிட்டார். என் மாமனார் தாண்டவில்லை.

அன்றைக்கே பஞ்சாயத்து.

"இங்கிலீஷுன்னு சொல்லிகினு ஊரையே பேஜார் பண்றான், தொரத்துங்க!" என்று கத்தினார் பாவு அறுந்தவர்.

பெரியதனக்காரர் என் பக்கம் திரும்பினார். "படிச்சவரு நீங்க சொல்லுங்க. இந்த ஆளு சொல்லிக்குடுக்கிறது நெஜமாவே இங்கிலீஷா? இல்லன்னா இன்னிக்கே மூட்டை கட்டட்டும்."

ஆகா! ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் மாணவர்கள் அத்தனை பேரும் திரும்பி வந்துவிடுவார்கள். வாத்தியார் என்னைக் கெஞ்சவில்லை. தலைப்பாகையை மடியில் வைத்துக்கொண்டு, கை கால் ஆட்டாமல் உட்கார்ந்திருந்தார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. பார்க்கச் சகிக்கவில்லை.

"சுத்தமான இங்கிலீஷுங்க," என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு. "பாவு விரிக்கிற நேரத்துல ஓட வேணாம்னு மட்டும் சொல்லுங்க."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மாமனார் நொண்டிக்கொண்டே குடைந்தார். "இன்னா மாப்ளே, அவருன்னா உங்களுக்கு ஆவவே ஆவாதே?"

"ஆவாதுதான் மாமா. ஆனா அவரு போய்ட்டா, நான் காலைல எதுக்கு எழுந்திருக்கணும்?"