ஹெட்டருக்கு வைத்த பொட்டு

எனக்குக் கல்யாணம் ஆனது ஜாதகப் பொருத்தத்தால் என்று அம்மா சொல்லுவார். நம்பாதீர்கள். காரணம் ஒரு ஹெட்டர்.

ஹெட்டர் என்றால், எஞ்சின் புகையை சைலன்சர் பக்கம் கொண்டுபோகும் குழாய்க் கொத்து. என் பழைய காருக்கு அதை வாங்க ஒரு மாதம் பைத்தியமாய் அலைந்தேன். வெறும் இரும்பா, கோட்டிங் போட்டதா? கறுப்பா, வெள்ளியா? (பெண் பார்க்கப் போவதற்கான சட்டையை அரை நிமிடத்தில் எடுத்துவிட்டேன்.) கடைசியில் வெள்ளி நிற செராமிக் கோட்டிங். சூடு வெளியே பரவாது, துரு அண்டாது.

மெக்கானிக் மாணிக்கம் அண்ணன் வீட்டுக்கே வந்து மாட்டினார். "ஸ்டார்ட் பண்ணிப் பாத்துருவமா தம்பி?"

"வேண்டாண்ணே. நாளைக்குப் பொண்ணு பாக்கப் போறப்ப நல்ல நேரத்துல எடுக்குறேன்."

"சரி, வெறுங்கையால தொட்டுராதீக. எண்ணெய்ப் பசை இருந்தா மொதச் சூட்டுலயே கறை பதிஞ்சிரும். அப்புறம் போகாது."

தொடக்கூடாது என்றுதானே சொன்னார்? பொட்டு வைப்பது தொடுவதில் சேராது என்று நானாக முடிவு செய்தேன். புதுச் சாமானைப் பொட்டில்லாமல் ஓட்ட மனசு வருமா? உதிராமல் இருக்கட்டும் என்று சந்தனத்தில் நல்லெண்ணெய் விட்டுக் குழைத்து, நாலு குழாய்க்கும் மும்மூன்று பொட்டு வைத்தேன்.

கொத்தமங்கலத்தில் பெண் வீட்டு வாசலில் நிறுத்தியபோது பானட்டிலிருந்து புகை குபுகுபுவென்று வந்தது. ஊரே சந்தனம் மணத்தது. பின்சீட்டில் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். இந்த இடமும் போச்சு என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன்.

பெண்ணின் அப்பா வாளித் தண்ணீரோடு ஓடிவந்தார். "தள்ளுங்க தம்பி, வண்டி எரியுது."

"ஊத்தாதீக அப்பா" என்று உள்ளேயிருந்து ஒரு குரல். பட்டுச்சேலையோடு வந்த பெண், பானட்டைத் திறக்கச் சொல்லி உள்ளே எட்டிப் பார்த்தாள். "எரியல. பொட்டு வச்சிருக்காக, அதான் கருகுது." பிறகு என்னைப் பார்த்து, "ஏன் வெள்ளிக் கலர் எடுத்தீக? கறுப்பு இல்லையா?" என்றாள்.

ஒரு மாதமாக யாரும் கேட்காத கேள்வி. பஜ்ஜி ஆறும்வரை பதில் சொன்னேன். அவள் கடைசிவரை கேட்டாள்.

பன்னிரண்டு பொட்டும் பழுப்பாகப் பதிந்து, எதைப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. என் மாமனார் இன்றும் எங்கள் காரில் ஏறுமுன் பானட்டைத் திறக்கச் சொல்லுவார். குனிந்து பன்னிரண்டையும் எண்ணிவிட்டு, "பொட்டு அழியல. கெளம்புங்க மாப்ள" என்பார்.