நடக்கத் தொடங்கியவர்கள் குறித்து விளக்கம் தருக

பதிவுபெற்ற அறநிறுவனம் ஒவ்வொன்றும் ஆண்டு முடிந்த தொண்ணூறு நாட்களுக்குள் துறைக்கு ஆண்டறிக்கை சமர்ப்பிக்க வேண்டும். இது விதி. எங்கள் சங்கம் பதினோரு ஆண்டுகளாகச் சமர்ப்பித்து வருகிறது. சங்கத்தின் சொத்து ஆறு சக்கர நாற்காலிகள், ஓர் அறை, ஒரு பூட்டு, இரண்டு சாவிகள். கால் உடைந்தவர்களுக்கு நாற்காலியை இரவல் கொடுப்போம். கால் சரியானதும் திருப்பித் தருவார்கள். ஒரு நாற்காலி திரும்பி வந்தால், எங்கள் தலைவரான சைக்கிள் கடைக்காரர் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டு எல்லோருக்கும் டீ வாங்கித் தருவார். யாரோ ஒருவர் நடந்துவிட்டார் என்று அர்த்தம்.

நான் செயலாளர். ஒரே பக்கத்தில் அறிக்கை எழுதுவேன். கொடுத்தது ஆறு, திரும்பியது நான்கு.

இந்த ஆண்டு அந்த ஒரு பக்கம் திரும்பி வந்தது. அதனுடன் அறுபத்து நான்கு பக்க வழிகாட்டுதலும், அந்த வழிகாட்டுதலைப் புரிந்துகொள்வதற்கான இருபத்திரண்டு பக்க வழிகாட்டுதலும் வந்தன. கொண்டுவந்த தபால்காரர் ஏழு மாதங்களுக்கு முன்பு எங்கள் மூன்றாம் எண் நாற்காலியில் இருந்தவர். மாடிப்படி பதினெட்டும் ஏறி வந்து கொடுத்தார்.

அறிக்கை ஏற்கப்படும்வரை ஒரு நாற்காலியும் வெளியே போகக் கூடாது. ஏற்கப்படாவிட்டால் பதிவு ரத்தாகும், நாற்காலிகள் துறையின் கிடங்குக்குப் போகும் என்றது கடிதம்.

அன்றைக்கே தையல்காரம்மா வந்தார். அவர் கணவர் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலேருந்து வீட்டுக்கு அனுப்பிடறாங்க அய்யா. ஒரு நாற்காலி எடுத்து வையுங்க."

"அனுமதி வரணும் அம்மா."

"நாலு சும்மா நிக்குதே!"

"அதுதான் பிரச்சினையே," என்றேன்.

மறுநாள் அதிகாரியைப் பார்த்தேன். என் ஒரு பக்கத்தை நெடுநேரம் படித்தார்.

"ஆறு பயனாளிகள்ல நாலு பேரை இழந்திருக்கீங்க."

"இழக்கலை சார். நடந்துட்டாங்க."

"அதைத்தான் சொல்றேன். பயனாளிகளைத் தக்கவைத்த விகிதம் முப்பத்து மூணு சதவீதம்."

"முப்பத்து மூணு புள்ளி மூணு மூணு," என்று திருத்தினேன். கணக்கு கணக்காக இருக்க வேண்டும். அவர் நன்றி சொல்லிக் குறித்துக்கொண்டார்.

"அவங்க நடக்கிறதைத் தடுக்க சங்கம் என்ன முயற்சி எடுத்தது?"

"நடக்கணும்னுதானே சார் நாற்காலியே கொடுக்கிறோம்?"

"அப்ப உங்க நோக்கம் நிறைவேறிடுச்சு. பக்கம் நாற்பத்தொண்ணு: நோக்கம் நிறைவேறிய நிறுவனங்களைக் கலைத்தல்."

"நிறைவேறலைன்னா?"

"பக்கம் நாற்பத்திரண்டு: தோல்வியடைந்த நிறுவனங்களைக் கலைத்தல்."

அவர் கெட்டவர் இல்லை. குரலைத் தாழ்த்தி, "வியாழக்கிழமை பதினோரு மணிக்கு நேர்ல பார்க்க வரேன். ஆறுலயும் ஆள் உட்கார்ந்திருந்தா நான் வேற என்ன எழுதப்போறேன்?" என்றார்.

சைக்கிள் கடைக்காரர் சிரித்தார். "இவ்வளவுதானா? நடந்துபோன நாலு பேரையும் கூட்டிட்டு வந்து உட்கார வைப்போம். உட்கார்றதுக்குப் படிப்பா வேணும்?"

வியாழக்கிழமை தபால்காரரும், பெயின்டரும், கணக்கு வாத்தியாரும் வந்து உட்கார்ந்தார்கள். பஸ் கண்டக்டருக்கு நேரமாகிவிட்டது. ஓடி வந்து உட்கார்ந்தார். உண்மையிலேயே கால் உடைந்த இருவரையும் நாற்காலியோடு மாடிக்குத் தூக்கி வந்தோம். அதிகாரி இரண்டு முறை எண்ணினார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. நூறு சதவீதம் என்று எழுதி அங்கேயே முத்திரை குத்தினார். பிறகு ஆறு பேர் சட்டையிலும் பச்சை வில்லை ஒன்றைக் குத்தி, கையில் ஓர் அட்டை கொடுத்தார். அவர்கள் இனி நிரந்தரப் பயனாளிகள்.

அவர் போனதும், "சரி, எழுந்திருங்கப்பா," என்றேன். யாரும் எழுந்திருக்கவில்லை.

"அண்ணே," என்றார் கண்டக்டர், அட்டையைப் படித்துக்கொண்டே. "இது இருந்தா எந்த ஆபீஸ்லயும் வரிசையில நிக்க வேண்டாமாம்."

"நல்லது. நாற்காலியைக் கொடுங்க."

"கொடுத்தா அட்டை செல்லாதாம் அண்ணே."

அன்று மாலை தபால்காரர் தபால் பையை நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வீடு வீடாக நடந்தார். பெயின்டர் தம் நாற்காலியில் ஒன்பது டப்பாக்களை அடுக்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை தையல்காரம்மா காலி அறையைப் பார்த்தார்.

"அன்னிக்கு நாலு நின்னுச்சே அய்யா?"

"அன்னிக்கு நாற்காலி இருந்தது, அனுமதி இல்லை. இன்னிக்கு அனுமதி இருக்கு."

"பேரையாவது எழுதிக்குங்க."

விண்ணப்பதாரர் நேரில் வர வேண்டும் என்பது பதினேழாம் பக்கம். அதையும் சொன்னேன். ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கணவரைக் கூட்டி வந்தார். அவர் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் குதித்து வந்தார். வாசலிலிருந்து, படிகளையும் சேர்த்து, என் மேசைவரை நாற்பத்தொரு குதி.

"எப்படி வந்தீங்க?" என்றேன். ஒன்பதாம் கேள்வி அது.

"பார்த்தீங்களே, குதிச்சு."

படிவத்தில் இரண்டே கட்டங்கள். நாற்காலியில், நடந்து.

"நாற்காலி இல்லையே," என்று சொல்லி, 'நடந்து' என்பதில் குறி போட்டேன். நடந்து வருபவர்களுக்கு நாற்காலி கிடையாது என்று பத்தாம் கேள்வி தெரிவித்தது.

"அய்யா, உங்களுக்குக் கண்ணு தெரியுதா இல்லையா?" என்றார் தையல்காரம்மா.

"தெரியுது அம்மா. கட்டம் ரெண்டுதான்."

சைக்கிள் கடைக்காரர் அந்த மனிதரைத் தூக்கிக் கீழே கொண்டுபோய்த் தம் கடை மூன்று சக்கர வண்டியில் உட்கார வைத்தார். "இதை அறிக்கையில எழுதிடாதேய்யா," என்றார் என்னிடம். "அப்புறம் இந்த வண்டிக்கும் கட்டம் போட்டுடுவாங்க." வண்டி போய்விட்டது. அன்று அவர் டீ வாங்கித் தரவில்லை.

நான் எழுதவில்லை. விண்ணப்பத்தை மட்டும் முறைப்படி அனுப்பினேன். மூன்றாம் நாள் அதிகாரியே போன் செய்தார்.

"நாற்காலி கேட்க வந்தவர் நடந்தே வந்தாரா? நீங்க கொடுக்கிறதுக்கு முன்னாடியேவா? சார், இதுவரைக்கும் எந்தச் சங்கமும் இதைச் சாதிச்சதில்லை!"

சிறந்த அறநிறுவனத்துக்கான சான்றிதழ் எங்களுக்குக் கிடைத்தது. நாற்காலி கொடுக்காமலே நடக்க வைக்கும் எங்கள் முறையை எல்லாச் சங்கங்களும் அடுத்த ஆண்டு முதல் பின்பற்ற வேண்டும் என்று வழிகாட்டுதலில் ஒரு பக்கம் கூடியது. மேடையில் ஏறவே எனக்குக் கூச்சமாக இருந்தது. கீழே எல்லாச் சங்கத்தாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பச்சை வில்லைக்காரர்கள் ஆறு பேரில் அந்த நால்வரும் எழுந்து நின்றார்கள்.

தட்டியவர்களை எண்ணினேன். இருநூற்றுப் பன்னிரண்டு பேர், என்னையும் சேர்த்து.