நான் திறந்து வைத்த கழிப்பறை

என் வாழ்நாளில் ஒரே ஒரு கட்டடத்தைத் திறந்து வைத்திருக்கிறேன். அது ஒரு பள்ளிக்கூடக் கழிப்பறை. அங்கே சுவரில் பதித்திருக்கும் கல்லில் வேறொருவர் பெயர் இருக்கிறது. நம்பாதீர்கள்.

அப்போது எனக்கு இருபத்தொரு வயது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து, ஒரகடத்தில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் அசெம்பிளி லைனில் நின்றுகொண்டிருந்தேன். ('வேலை பார்த்தேன்' என்பது ஊருக்குச் சொல்வது. உண்மையில் நின்றேன்.) பாத்ரூம் போக வேண்டுமென்றால் நம் இடத்தில் நிற்க வேறொரு பெண் வர வேண்டும். அவள் வருவதற்குள் வந்த அவசரம் தானாகவே மனம் வெறுத்துத் திரும்பிப் போய்விடும். அதனால் லைனில் யாரும் தண்ணீரே குடிப்பதில்லை. நீர் கடுக்கும், காய்ச்சல் வரும். ஹாஸ்டலில் மாத்திரையைப் பாதி பாதியாக உடைத்துப் பங்கு போட்டுக்கொள்வோம்.

இப்பேர்ப்பட்ட என்னைத்தான் கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சுகாதாரம் சொல்லிக்கொடுக்கக் கம்பெனி தேர்ந்தெடுத்தது. ஆயுத பூஜையன்று நான் மைக் பிடித்ததை எச்.ஆர். மேடம் பார்த்திருந்தார்.

"நல்லா பேசற முத்துச்செல்வி. இதை ஒழுங்கா பண்ணு. டிரெய்னிங் ரூமுக்கு ஒரு ஆள் தேவைப்படுது, பாக்கலாம்."

டிரெய்னிங் ரூம்! அங்கே நாற்காலி உண்டு. நினைத்தபோது எழுந்து போகலாம். அடுத்த கதவே பாத்ரூம். என் வயதுப் பெண்களெல்லாம் மாப்பிள்ளையைக் கனவு கண்டார்கள். நான் அந்தக் கதவைக் கனவு கண்டேன்.

மண்ணூர்ப் பக்கம் ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளி. பழைய கழிப்பறையை இடித்துவிட்டுக் கம்பெனி செலவில் புதிதாகக் கட்டியிருந்தார்கள். பளபளக்கும் டைல்ஸ், வாசலில் சிவப்பு ரிப்பன். எங்கள் பெரிய அதிகாரி வந்து ரிப்பனை வெட்டுவார். அதுவரை பாடம் நடத்துவது என் பொறுப்பு.

கை கழுவும் பாடம் அழகாக முடிந்தது. அடுத்து, நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்ற பாடம். மேடம் ஒரு லிட்டர் பாட்டிலை நீட்டி, "குடிச்சுக் காட்டு, பசங்க பாக்கட்டும்" என்றார். குடித்தேன்.

போட்டோகிராபர், "சிஸ்டர், கண்ண மூடிக்கினீங்க. இன்னொரு தபா" என்றார். இன்னொரு பாட்டில். "இப்ப பின்னாடி பேனர் தெரில சிஸ்டர்." மறுபடியும். தண்ணீரையே மறந்திருந்த என் உடம்பு செம்பரம்பாக்கம் ஏரி மாதிரி நிரம்பியது.

கடைசிப் பாடம், அடக்கக் கூடாது என்பது. "செல்லங்களா, ஒண்ணுக்கு வந்தா அடக்கவே கூடாது, என்ன? உடனே போயிரணும்!" என்று கத்தினேன். குரல் கிறீச்சிட்டது. பிள்ளைகள் அதை உணர்ச்சிப் பெருக்கு என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

அப்போது போன் வந்தது. ஒரகடம் கூட்ரோட்டில் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் அதிகாரியின் கார் மாட்டிக்கொண்டதாம். "இன்னும் கொஞ்ச நேரம் இழு" என்று மேடம் சைகை காட்டினார். நான் காலை மாற்றி மாற்றிக் குதித்தபடி ஏதோ பாடினேன். அது ஒரு சுகாதார நடனம் என்று நம்பி, மொத்தப் பள்ளியும் என்னோடு குதித்தது.

வேறு பாத்ரூம் உண்டா என்று பக்கத்தில் நின்ற டீச்சரிடம் மெதுவாகக் கேட்டேன். "நாங்களே எதிர் வீட்டுலதாம்மா போறோம். அவங்க இன்னிக்குக் கல்யாணத்துக்குப் போயிட்டாங்க, பூட்டியிருக்கு" என்றார்.

மேடத்திடம் ஓடினேன். "மேடம், தாங்க முடியல. புது பாத்ரூம்..."

"ரிப்பன் வெட்டாம எப்படி? கொஞ்ச நேரம் அடக்கிக்கோ முத்துச்செல்வி!"

என் கையிலிருந்த மைக் அணைக்கப்படவில்லை. மேடத்தின் அறிவுரை ஸ்பீக்கர் வழியாக ஊருக்கே கேட்டது. பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் எனக்கு மிச்சமிருந்த கட்டுப்பாடும் போயிற்று. ஓடினேன். ஓட்டப் பந்தயத்தில் முதலில் வந்தவளைப் போல ரிப்பன் என் நெஞ்சில் பட்டு அறுந்தது.

உள்ளே போட்டோவுக்காக நிரப்பி வைத்த பக்கெட் இருந்தது. காரியம் முடிந்ததும், சுகாதாரம் போதிக்க வந்தவள் அல்லவா, பக்கெட் தண்ணீர் முழுவதையும் ஊற்றினேன்.

வெளியே ஒரே கூச்சல். "டேய், அக்கா தண்ணி வர்துடா!"

கழிப்பறைக்குப் பின்னால், கேட்டிலிருந்து வரும் வழியில், அதிகாரியை வரவேற்க ரோஜாப்பூவோடு வரிசையில் நின்ற பிள்ளைகள் சிதறி ஓடிக்கொண்டிருந்தார்கள். சுவரின் அடியில் ஒரு ஓட்டை. அதிலிருந்து நான் ஊற்றியதெல்லாம் வெளியே வந்து, அதிகாரிக்காக விரித்திருந்த சிவப்புக் கம்பளத்தில் ஏறிக்கொண்டிருந்தது. பைப் இல்லை. குழியும் இல்லை.

கான்ட்ராக்டர் தலையைச் சொறிந்தார். "ஃபங்ஷன் மொதல்ல முடியட்டும்னு நீங்கதான மேடம் சொன்னீங்க? குழி அப்பறமா நோண்டிக்கலாம்னு வுட்டுட்டோம்."

மேடம் அவரைத் திட்டவில்லை. என் பக்கம் திரும்பினார். "உன்னை யாரு உள்ள போகச் சொன்னது?"

('நீங்க எழுதிக் குடுத்த பாடந்தான மேடம்' என்ற அருமையான பதில், திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் தோன்றியது.)

விழா முடியும்வரை என்னைக் கடைசி வகுப்பறையில் உட்கார வைத்தார்கள். கம்பளத்தைச் சுருட்டி, அறுந்த ரிப்பனை முடிச்சுப் போட்டு, முடிச்சின் மேல் ஒரு ரோஜாவைக் குத்தினார்கள். அதிகாரி வந்து வெட்டினார். கைதட்டல் எனக்குக் கேட்டது. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அழுவாதீங்கக்கா. நாங்கல்லாம் ஸ்கூலுக்கு வந்தா தண்ணியே குடிக்க மாட்டோம். குடிச்சாத்தான வரும்?"

"யாரு சொல்லித் தந்தா?"

"எங்கம்மா. அவங்களும் உங்கள மாதிரி கம்பெனிக்குத்தாங்கா போறாங்க."

அன்று நான் மைக்கில் கத்திய பாடத்தைவிட, அந்த அம்மா நடத்திய பாடம் நன்றாகப் பதிந்திருந்தது.

டிரெய்னிங் ரூமுக்கு வேறொரு பெண் போனாள். நான் மறுநாளே லைனில் நின்றேன், காய்ந்த தொண்டையோடு. சில மாதங்கள் கழித்து ஷேர் ஆட்டோவில் அந்தப் பள்ளியைத் தாண்டிப் போனேன். கழிப்பறையில் பூட்டு தொங்கியது. குழி தோண்டினார்களா என்று கேட்க இறங்கியிருக்கலாம். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது.

இந்தக் கதையைத் தம்பியிடம் சொன்னதுதான் நான் செய்த மடத்தனம். இப்போது சொந்தத்தில் யார் புதுவீடு கட்டினாலும், "பால் காய்ச்சுறது பெறவு! முதல்ல எங்கக்காவ விட்டு பாத்ரூமத் திறங்க!" என்று வாசலிலேயே ஆரம்பித்துவிடுவான். போன மாதம் மறைமலை நகரில் அவன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு உண்மையாகவே ரிப்பன் வாங்கிக் கட்டியிருந்தான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனேன். தாழ்ப்பாள் போட்டேன். ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றிவிட்டு, அது எங்கே போகிறது என்று சுவரில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டு நின்றேன்.